ஒன்பதாவது பெயர்

மில்வாக்கி
20 செப்டம்பர் 1953

பிரெம்மர் ஃபால்ஸ் பேஸ்பால் அணியின் மாண்புமிகு மேனேஜரும் கேட்சருமான எமில் வோட்ரூபா அவர்களுக்கு,

நலமா என்று விசாரிக்கப் போவதில்லை. தங்கள் உடம்புக்கு ஒன்றும் வந்திருக்காது. பழியைத் தம்பி தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவருக்கு என்ன வந்துவிடும்?

இந்தத் 'தாங்கள்' எல்லாம் எனக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. நீ என்றே எழுதுகிறேன்.

இங்கே டிராக்டர் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். நேற்று மதியம் நம் மாவட்டத்துக்காரன் ஒருவன் ஊர்ப் பத்திரிகையைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பேர் முன்னால் சத்தமாக வாசித்தான். "முறை தெரியாத பிட்சர், கைக்கு வந்த வெற்றி போச்சு" என்று தலைப்பு. வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா ரூடி, ஒம்பது வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

முறை தெரியாதவன் நானா? இந்தச் செப்டம்பர் ஏழு, தொழிலாளர் தினத்தன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே பொய் என்று நீ காட்டு.

கடைசி இன்னிங்ஸ். ஸ்டான்ஃபீல்ட்காரர்கள் நான்கு ஓட்டம், நாம் மூன்று. நமக்கு இரண்டு பேர் அவுட். பேஸில் ஒருவன் நிற்கிறான். பெஞ்சுக்குப் பின்னால் பலகையில் நீ ஒட்டி வைத்த மட்டை வரிசைப்படி எட்டாவது டெல்மர், ஒன்பதாவது நான். டெல்மர் போனான், நான்கு தப்புப் பந்து வாங்கி, அடிக்காமலே பேஸுக்கு நடந்தான். அடுத்து நான் போனேன். இரண்டாவது பந்தை இடது மூலைக்கு அடித்தேன். இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐந்துக்கு நான்கு. ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. யாரோ என் தலையில் பீர் ஊற்றினார்கள்.

அப்போதுதான் அந்த ஹவுசர் கிழவன், அவர்கள் மேனேஜர், அவசரமே இல்லாமல் நடந்து அம்பயரிடம் போனான். ஆட்டத்துக்கு முன்னால் நீ அம்பயரிடம் கொடுத்த அட்டையைக் காட்டச் சொன்னான். அதில் எட்டாவது ரூடி வோட்ரூபா, ஒன்பதாவது டெல்மர். உன் கையெழுத்து. அட்டைப்படி டெல்மருக்கு அடுத்து முதல் ஆள் கஸ் லிண்ட்னர் வரவேண்டும். அவர் இடத்தில் நான் நின்றுவிட்டேனாம். என் அடி செல்லாது, கஸ் அவுட், ஆட்டம் முடிந்தது. கஸ் பாவம், ஜெயித்துவிட்டோம் என்று ஒரு காலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பலகையில் ஒன்று, அட்டையில் ஒன்று. இரண்டையும் எழுதியவன் நீ. பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நீ.

வருஷம் பூராவும் உன்னிடம் கெஞ்சினேன். உன் அணியில் ஆறு பேரைவிட நான் நன்றாக அடிக்கிறேன், என்னை ஐந்தாவதில் போடு என்றேன். "பிட்சர்னா ஒம்பதாவதுதான். பந்து வீசறதுக்குத்தான் உனக்கு சோறு" என்றாய். நீ மட்டும் பதினோரு வருஷமாக நாலாவது. உன்னைவிட நான் அடித்தது அதிகம், அது ஊருக்கே தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு மட்டும் ஏன் அட்டையில் எட்டு? பதில் எழுது.

ரூடி

ஸ்கோர் புத்தகத்தை நான்தான் எடுத்து வந்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேட வேண்டாம்.


பிரெம்மர் ஃபால்ஸ்
29 செப்டம்பர் 1953

ரூடி,

உன் கடிதம் வந்தது. கஸ் கொண்டுவந்தார். முன்பெல்லாம் தபால் வண்டியை நிறுத்தி இறங்கி, அண்ணி ஆக்னெஸ் கையால் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போவார். இப்போது பெட்டியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, போதும் என்று சொன்னாராம்.

உன் கேள்விக்குப் பதில்: பென்சில் தவறிவிட்டது. காலையில் பாலாடைக்கட்டிக் கூடத்தில் இரண்டு தொட்டிப் பால் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கையோடு அட்டை எழுதினேன். இரண்டு வரி மாறிவிட்டது. மனிதன் தவறு செய்வான். இதற்கு ஊரை விட்டே போவார்களா?

நீ செய்ததையும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். மட்டையைத் தூக்கி எறிந்தாய், அது ஹவுசரின் காரில் விழுந்து கண்ணாடி உடைந்தது. அவன் வீட்டு வாசலுக்குப் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான். நீ அப்போது பஸ்ஸில் இருந்தாய். அண்ணியிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்காக அவள் செய்து வைத்திருந்த பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி மூன்று நாள் மேசையில் இருந்தது. பிறகு பன்றிக்குப் போட்டாள்.

ஐந்தாவது கேட்டாய், கொடுக்கவில்லை. இப்போது கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பிட்சர் மட்டை பிடித்தால் அடிப்பான், அடித்தால் ஓடுவான், ஓடினால் அடுத்த இன்னிங்ஸில் மூச்சு வாங்க வந்து நிற்பான். அவன் போடும் பந்தை அப்போது நம் தாத்தாகூட அடிப்பார். நான் மட்டைக்காரன் நிற்கும் ஹோம்பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தி உட்கார்ந்து பதினோரு வருஷம் பார்த்ததைச் சொல்கிறேன். பிட்சர் ஒன்பதாவது. ஞாயிற்றுக்கிழமை கோவில் மாதிரி அது.

ஸ்கோர் புத்தகம் லீகின் சொத்து. திருப்பி அனுப்பு.

எமில்


மில்வாக்கி
8 நவம்பர் 1953

எமில்,

பென்சில் தவறியதாம். ஒன்பது பெயர் எழுதுகிற பென்சில், சரியாக என் பெயரில் வந்து வழுக்கியதாம். இதை வேறு யாரிடமாவது சொல்.

மட்டை கார்மேல் விழுந்தது தவறுதான். அதற்கு ஹவுசருக்கு நானே எழுதிவிட்டேன். உனக்காக இல்லை.

இப்போது உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கவே பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி இல்லை.

அன்றைக்கு மூன்றாவது வரிசையில் வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாரே, டன்ஃபி, சம்பளம் கொடுக்கும் பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர், அவருக்கு எழுதினேன். பதில் வந்தது. அப்படியே சொல்கிறேன்: "அடிக்கிறவன் ஊருக்கு நாலு பேர் கிடைப்பான். தன் முறை எப்போது என்று தெரியாதவனைக் கூட்டிக்கொண்டு நான் மேலே போய் நிற்க முடியாது. நடந்தது வேறு என்றால் உன் மேனேஜர் கைப்பட எழுதட்டும். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் வந்தால் மார்ச் முகாமில் ஓர் இடம் வைக்கிறேன்."

ஒரு பக்கம் எழுதினால் போதும். அட்டையை மாற்றியது நான், தம்பியிடம் சொல்லவில்லை, அவன்மேல் தப்பில்லை. அவ்வளவுதான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியாது. இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் முழங்கை போய்விட்டது. ஜூலையிலிருந்தே. காலையில் வலது கையால் தலை வார முடியாது. பிட்சராக எவனும் என்னை எடுக்க மாட்டான். அடிக்கிறவனாக எடுத்தால்தான் உண்டு. ஒன்பதாவதில் நிற்கிறவனை அடிக்கிறவன் என்று எவன் நம்புவான்? ஆள் எடுக்க வருகிறவன் முதலில் வரிசையைத்தான் நோட்டில் எழுதுகிறான். ஒன்பதாவது பெயர் வரும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வறுத்த கடலை வாங்கப் போய்விடுகிறான். அதனால்தான் ஐந்து ஐந்து என்று உன் உயிரை எடுத்தேன்.

எனக்கு இருபத்தைந்து வயது. இதை விட்டால் சாகும்வரை இங்கே டிராக்டர் அச்சுக் கடைய வேண்டியதுதான். எழுது.

ரூடி


பிரெம்மர் ஃபால்ஸ்
22 நவம்பர் 1953

ரூடி,

கை விஷயம் வருத்தம்தான். வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ கேட்கிற மாதிரி எழுத முடியாது. பென்சில் தவறியது என்று வேண்டுமானால் எழுதுகிறேன். வேண்டுமென்றே மாற்றினேன், ஆடுகிறவனிடம் சொல்லவில்லை என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே அது இங்கே வந்து சேரும். இந்த மாதிரி விஷயத்துக்குக் கால் முளைத்துவிடும். அப்புறம் மதுக்கடையில் நான் தலை காட்ட முடியுமா? ஏற்கெனவே கஷ்டம். போன வாரம் முடிவெட்டும் கடையில் ஒருவன், "எமிலு, இன்னிக்கு யாருக்கு மொதல்ல வெட்டணும்? அட்டைய பாத்துச் சொல்லு" என்கிறான். பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டேன்.

நீ மட்டும்தான் தோற்றாய் என்று நினைக்கிறாய். அன்றைக்குக் கைக்கு வரவேண்டிய லீக் கோப்பையை ஒன்பது வருஷமாகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை நாங்கள்.

லீக் செயலாளர் மூன்றாம் முறையாகப் புத்தகம் கேட்டு எழுதிவிட்டார். வருஷக் கடைசிக்குள் வராவிட்டால் அணியை நீக்குவார்களாம். கோபம் என்மேல்தானே? மற்ற எட்டுப் பேர்மேல் எதற்குக் காட்டுகிறாய்? அனுப்பி வை.

எமில்


மில்வாக்கி
3 டிசம்பர் 1953

எமில்,

அனுப்பலாம் என்றுதான் எடுத்தேன். காகிதத்தில் சுற்றுமுன் திறந்தேன். கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுதான் திறக்கிறேன்.

தொழிலாளர் தினப் பக்கம். ஆட்டக் கணக்கு எழுதுகிற அண்ணி காலையில் உன் அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாள். எட்டாவது நான், ஒன்பதாவது டெல்மர். மூன்றாவது இன்னிங்ஸில் டெல்மர் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. ஓரத்தில், பொடிப் பொடியாக, அண்ணி கையெழுத்தில் இரண்டு வார்த்தை.

"எமிலிடம் சொன்னேன்."

மூன்றாவது இன்னிங்ஸ்! இன்னும் ஆறு இன்னிங்ஸ் கிடந்தது. "டேய், டெல்மருக்கு முன்னாடி நீ போ" என்று ஆறு வார்த்தைகூட இல்லை, சொல்லியிருந்தால் முடிந்தது. உன் வாயை யார் தைத்து வைத்திருந்தார்கள்?

பென்சில் தவறியதா? தெரிந்தே உட்கார்ந்திருந்தாயே, பாவி. ஹோம்பிளேட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, எனக்குக் கையைக் காட்டிப் பந்து கேட்டுக்கொண்டு, முகமூடிக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே.

புத்தகத்தை லீகுக்கே நேராக அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கவலைப்படாதே, அவர்கள் யாரும் ஓரத்தைப் படிக்க மாட்டார்கள்.

இனி எனக்கு எழுதாதே.

ரூடி


பிரெம்மர் ஃபால்ஸ்
10 ஜனவரி 1954

ரூடி,

எழுதாதே என்றாய். ஐந்து வாரம் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு உன் நாற்காலியை ஆக்னெஸ் எடுக்க விடவில்லை. அவளும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அவனுக்கு நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று நேற்று கேட்டாள். அவள் எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும்.

உன் கை போனது எனக்கு ஜூலையிலேயே தெரியும். நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உன் பந்தைப் பிடிப்பவன் நான். எட்டு வருஷமாக உள்ளங்கை வீங்கி, மாலையில் ஐஸ் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். ஜூலையில் ஒரு நாள் ஐஸ் தேவைப்படவில்லை. அதற்கப்புறமும் தேவைப்படவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ஐந்தாவது வேண்டும் என்று மட்டும் சண்டை போட்டாய்.

டன்ஃபி வருகிறார் என்று தெரிந்ததும் அன்று காலை அட்டையில் உன்னை மேலே ஏற்ற நினைத்தேன். ஐந்தில் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. மதுக்கடையில், கோவில் வாசலில், பால் வண்டிக்காரனிடம், எல்லோரிடமும் பிட்சர் ஒன்பது பிட்சர் ஒன்பது என்று பதினோரு வருஷம் கத்தியவன் நான். எழுதி எழுதி அடித்து, கடைசியில் எட்டில் எழுதினேன். ஒரு படி. என்னால் முடிந்தது அவ்வளவுதான். மைதானத்துக்கு வந்ததும் அம்பயரிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, பலகையில் முன்பே ஒட்டியிருந்த பழைய வரிசையை மாற்றத் திரும்பினேன்.

அப்போது நீ பெஞ்சில் எல்லோருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். நினைவிருக்கிறதா? "எங்க அண்ணனுக்கு ஒம்பதைத் தவிர வேற நம்பரே தெரியாது. என் கை மட்டும் இல்லன்னா இவரை எவன் மேனேஜர்னு கூப்பிடுவான்? பாலாடையைத்தான் கட்டிக்கிட்டு அழணும்." டெல்மர் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். என் காதில் விழுகிறது என்று தெரிந்துதான் சொன்னாய்.

பலகையைத் தொடாமல் திரும்பி வந்து முழங்கால் கவசத்தைக் கட்டினேன். இவனுக்கு ஒன்பதே போதும் என்று இருந்தது. அவ்வளவு கோபம். அட்டை அம்பயர் பையில் இருக்கிறது என்பதே அப்போது மனதில் இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் ஆக்னெஸ் வேலிப் பக்கம் வந்து சொன்னாள். உன் கணக்கை மூடிக்கொண்டு உட்கார் என்றேன். சொன்னால் என்ன ஆகும்? உன்னை மேலே ஏற்றினேன் என்று எல்லோர் முன்னாலும், உன் முன்னாலும், அந்தச் சிரிப்புக்கு அப்புறம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஹவுசருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எங்கே கவனிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் முதலிலிருந்தே கவனித்துவிட்டு, பெரிய அடிக்காகக் காத்திருந்தான்.

இதுதான் நடந்தது. இதில் ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை.

டன்ஃபிக்கு எழுதிய கடிதம் உள்ளே இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்து நீயே தபாலில் போடு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

எமில்


மில்வாக்கி
2 மே 1954

எமில் அண்ணா,

நான்கு மாதமாக என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நன்றி கெட்ட நாய், முகாமுக்குப் போனானா இல்லையா என்றுகூட எழுதவில்லை என்று.

போகவில்லை. உன் கடிதத்தை நான் அனுப்பவில்லை.

நன்றாகத்தான் எழுதியிருந்தாய். தப்பு முழுக்க என்னுடையது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தாய். உனக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று தெரியும். ஆனால் மூன்றாவது வரியில், "என் தம்பிக்கு இதில் எதுவும் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆறாவது இன்னிங்ஸ். நான் மட்டையோடு போய் நிற்கிறேன். ஹவுசர் ஓர் ஆளை மாற்றினான். அம்பயர் பையிலிருந்து அட்டைகளை எடுத்து, என் மூக்குக்கு நேராக விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். நம் அட்டை மேலே இருந்தது. உன் கிறுக்கல் எழுத்து. எட்டாவது, என் பெயர்.

பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நீ எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷம் பூரா சண்டை போட்டதற்கு ஒரே ஒரு படி ஏற்றியிருக்கிறானே, கஞ்சன் என்று. அப்புறம் கோபம் வந்தது. அதையும் மறைத்து வைத்திருக்கிறானே என்று. ஆனால் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அது இல்லை. சொன்னால், நீ எனக்காக இறங்கி வந்துவிட்டாய் என்று ஆகிவிடும். பிறகு உன்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அந்தக் கோபத்தை வைத்துத்தான் ஊரை விட்டுப் போவதாக இருந்தேன். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கடைசி இன்னிங்ஸில் போய் நின்றபோதும் தெரியும். அடித்தபோதும் தெரியும். தலையில் பீர் ஊற்றும்போது ஹவுசர் நடந்து வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் டன்ஃபிக்கு நானே எழுதினேன், இரண்டு பேருக்கும் தெரியும் என்று. ஒரு தபால் அட்டையில் ஒரு வரி பதில்: "ஒரே வீட்டில் இரண்டு பேர். எனக்கு ஒருவனும் வேண்டாம்."

அவர் சொன்னது சரி.

இந்தக் கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்து வைத்துப் படித்தேன். எட்டு மாதம். என் பெயர், உன் பெயர், ஐந்து, எட்டு, ஒன்பது. அன்றைக்கு அவுட் ஆனது நானும் இல்லை, நீயும் இல்லை. கஸ். பதினெட்டு வருஷம் ஆடியவர், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே. நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரைப் பற்றி நான் எழுதியது 'பாவம்' என்று ஒரே வார்த்தை. அதுவும் உன்னைக் குத்துவதற்காக. நான் உன்னைத் திட்டி எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அவர்தான் சுமந்து வந்து உன் பெட்டியில் போட்டிருக்கிறார்.

மே முப்பதாம் தேதி எங்கள் தொழிற்சாலை அணி உங்களோடு ஆட வருகிறது. எனக்கு இங்கே மேனேஜர் வேலை, வேறு எவனும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் எதிரில் நீயும் நானும் அட்டையோடு நின்றாக வேண்டும். பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் செய். கஸ்ஸை முதல் ஆளாகப் போடு. எப்படியாவது கூட்டி வா. முதல் ஆளுக்கு நான் வீசுகிறேன், கை கழன்று விழுந்தாலும் சரி. விட்டுக்கொடுத்து வீச மாட்டேன். கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் பூட்ஸோடு அவர் அவுட் ஆகட்டும். இல்லாவிட்டால் என் தலைக்கு மேலே அடித்துவிட்டு ஓடட்டும்.

ரூடி


பிரெம்மர் ஃபால்ஸ்
19 மே 1954

ரூடி,

நீயும் பார்த்தாயா! அட, படுபாவி. என்னைப் பாவி என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை மேசை டிராயரில் வைத்து வாரம் ஒரு முறை எடுத்துப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். என் கூடவே அந்த மைதானத்தில் நீயும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தொட்டி பாலைக் கைதவறிக் கொட்டிவிட்டேன். முப்பதாம் தேதி உன்னை முதலில் ஓர் அறை விடுவேன், அப்புறம்தான் அட்டை. அண்ணி கொலாச்சிக்கு இப்போதே பாப்பி விதை அரைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் உன்மேல் அவளுக்கும் கோபம்தான்.

கஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். கடிதம் படித்த மறுநாள் காலை சாலையில் இறங்கி வண்டியை மறித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மூன்றாவதில் தெரியும், உனக்கு ஆறாவதில் தெரியும் என்று.

அவர் எஞ்சினை அணைத்தார். கையில் இருந்த தபால் கட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். பிறகு, "நான்தான் ஏதோ முறையத் தப்பவிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "நான் எழுந்து போயிருக்கணுமோ, கூப்பிட்டது காதுல விழலையோன்னு. வீட்டுக்காரிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். அதனாலதான்டா துணியத் திருப்பிக் குடுத்தேன்."

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணனும் தம்பியும் வாயில என்னடா வச்சிருந்தீங்க?" என்றார். "இத்தனை மாசம் உங்க லெட்டரெல்லாம் நான்தானே சுமந்தேன்? அதுல என்னைப் பத்தி ஏதாவது இருந்துச்சா?"

"கடைசி லெட்டர்ல இருக்கு" என்றேன்.

"கடைசியிலயா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நீ வீசப் போவதைச் சொன்னேன். விட்டுக்கொடுக்க மாட்டாய் என்பதையும் சொன்னேன். கையை நீட்டி, "சரி, வர்றேன். ஆனா அட்டைய நான்தான் எழுதுவேன். உங்க குடும்பத்துல எவன் கையிலயும் பென்சில் குடுக்கிறதா இல்ல" என்றார்.

ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதினார். முதலாவது அவர். புதுப் பிட்சர் பையனை ஐந்தாவதில் போட்டார். பார்த்தாயா, ஐந்து! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது டெல்மர். ஒன்பதாவது நான்.

"கஸ், நான் பதினோரு வருஷமா நாலாவது" என்றேன்.

"தெரியும். ஒம்பதாவதுல நின்னு பாரு. அங்கேருந்து ஆட்டம் எப்படித் தெரியுதுன்னு" என்றார்.

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் இரண்டு பிரதி எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒன்று அம்பயருக்கு. இன்னொன்றை அன்றைக்கே மைதானத்துக்கு எடுத்துப் போய்ப் பெஞ்சுப் பலகையில் அடித்துவிட்டேன், நாலு மூலையிலும் ஆணி வைத்து.

எமில்